மனமும் பொறியும் பன்மொழியும்

மக்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 'அர்ரூம்' அத்தியாயம் எடுத்துரைக்கிறது. வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதோடு சேர்த்து இவ்வேறுபாடும் அங்கே எண்ணப்படுவது சிந்திக்கத்தக்கது. அறிவுடையோர்க்கு இதில் சான்றுகள் உள்ளன என்பதும் அவ்விடத்திலேயே சுட்டப்படுகிறது. எனவே மொழிகளின் பன்மையை ஆராய்வது நமக்கு ஒரு கடமையும் ஆகும்.

தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் இப்பன்மை அன்றாட நிகழ்ச்சி. வைகறையில் அரபு மொழியில் ஓதுகிறோம். வீட்டில் தமிழில் உரையாடுகிறோம். கல்விக்கூடத்தில் ஆங்கிலத்தில் பயில்கிறோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் உருதுவும் உடன் சேர்கிறது. இத்தனை மொழிகளும் ஒரே தலைக்குள் எங்ஙனம் குடியிருக்கின்றன? அண்மைக் காலத்தில் கணினியும் நூற்றுக்கணக்கான மொழிகளைக் கையாளத் தொடங்கியுள்ளது. அது கையாளும் முறை யாது? மனத்தின் முறைக்கும் பொறியின் முறைக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகள் எவை? பிள்ளைக்கு எம்மொழியைக் கொடுப்பது, எம்மொழியை விடுவது என்று பெற்றோர் தயங்கி நிற்கும் இந்நாளில் இவ்வினாக்கள் ஏட்டளவில் நின்றுவிடக் கூடியவை அல்ல.

ஜாஹிழ் கண்ட இழுபறி

9ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த பேரறிஞர் அல் ஜாஹிழ். அவர் இயற்றிய 'கிதாபுல் ஹயவான்' விலங்குகளைப் பற்றிய பெருநூல் எனினும், இடையிடையே மொழி, இலக்கியம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றையும் ஆராய்கிறது. மொழிபெயர்ப்பாளன் இரு மொழிகளிலும் நிகரான புலமை பெற்றிருத்தல் வேண்டும் என்று கூறும் அவர், அடுத்தபடியாக ஒரு நுட்பமான கருத்தை முன்வைக்கிறார். ஒருவன் இரு மொழிகளைப் பேசுவானாயின் அவ்விரண்டிற்குமே அவன் தீங்கிழைக்கிறான். ஏனெனில் ஒரு மொழி மற்றொன்றைத் தன்பால் இழுக்கிறது, அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதனை எதிர்த்தும் நிற்கிறது என்பது அவருடைய கருத்து.

இவ்விழுபறி உண்மையே என்பதை நம் காலத்து உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. 1999இல் ஸ்பைவி, மரியன் என்னும் இரு ஆய்வாளர்கள், ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். மேசைமீது சில பொருள்களைப் பரப்பி வைத்து, குறிப்பிட்ட பொருளை எடுத்து வைக்குமாறு ரஷ்ய மொழியில் பணித்தனர்; அவர்களுடைய கண் எத்திசை நோக்கிச் செல்கிறது என்பதைக் கருவியால் கண்காணித்தனர். ரஷ்ய மொழியில் 'மார்க்கா' என்பது அஞ்சல்தலையைக் குறிக்கும். அஞ்சல்தலையை எடுக்கும்படி கூறியபோது, பலருடைய கண் முதலில் 'மார்க்கர்' என்னும் எழுதுகோலின்மீது சென்று மீண்டது. காதில் விழுந்தது ரஷ்ய மொழி மட்டுமே. ஆயினும் உள்ளே ஆங்கிலமும் விழித்திருந்தது.

இதனால் நாம் அறிவது யாது? இருமொழியாளர் ஒரு மொழியைப் பேசும்போது மற்றொரு மொழி உறங்கிவிடுவதில்லை. இரண்டும் ஒருங்கே எழுகின்றன. மனம் ஒன்றை முன்னே விட்டு மற்றொன்றை அடக்கி வைக்கிறது. இவ்வாறு அடக்கும் உழைப்பினால்தான் இருமொழியாளர்க்குச் சில வேளைகளில் ஒரு சொல் நாவின் நுனிவரை வந்து நின்றுவிடுகிறது. இது குறைபாடன்று, இரு விருந்தினர் ஒரே வாயிலில் நுழையும்போது ஏற்படும் நெருக்கம் போன்றது.

மூளையிலும் இதன் சுவட்டைக் காணலாம். 1997இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று, இரு மொழிகளைப் பேசுவோரின் மூளையைக் காந்த அதிர்வு முறையில் படமெடுத்து ஒப்பிட்டது. வளர்ந்த பின்னர் இரண்டாம் மொழியைக் கற்றோரிடம், பேச்சை அமைக்கும் பகுதியில் இரு மொழிகளும் அருகருகே தனித்தனி இடங்களைப் பெற்றிருந்தன. குழந்தைப் பருவத்திலேயே இரண்டையும் பெற்றோரிடம் அவை பெரும்பாலும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. மொழி எப்பருவத்தில் வந்து சேர்ந்தது என்பதற்கேற்ப அது குடியிருக்கும் முறையும் மாறுகிறது என்பதை இது காட்டுகிறது.

அஞ்சத்தக்கது எது?

'பல மொழிகளைத் திணித்தால் பிள்ளையின் அறிவு குழம்பிவிடும்' என்னும் அச்சம் நம் பெரியோர் பலரிடம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாட்டு ஆய்வாளர் பலரும் இவ்வாறே கருதினர். வறிய குடியேறிகளின் பிள்ளைகளை வசதி மிக்க ஒருமொழிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டதனால் விளைந்த பிழையான முடிவு அது. 1962இல் கனடாவின் மொன்றியல் நகரில் பீல், லாம்பர்ட் ஆகிய இருவரும் ஒத்த சூழலில் வளர்ந்த 10 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் செம்மையாக அறிந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளினும் தாழாது, பல சோதனைகளில் மேம்பட்டே நின்றனர். பன்மொழியறிவு கவனத்தையும் கூர்மையாக்குமா என்பதில் இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அறிவைக் கெடுக்கும் என்ற பழைய கூற்றை மட்டும் எவரும் இன்று ஏற்பதில்லை.

அவ்வாறாயின் உண்மையில் அஞ்சத்தக்கது எது? பயன்படுத்தாமல் விடுவதே. 2003இல் பிரான்சு நாட்டில் பாலியே என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சிறு வயதில் கொரிய நாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டுப் பிரெஞ்சுக் குடும்பங்களில் வளர்ந்தோரை, வளர்ந்த பின்னர் அவர்கள் சோதித்தனர். கொரிய மொழி வாக்கியங்களையும் பிற அயல்மொழி வாக்கியங்களையும் கலந்து ஒலிக்கச் செய்தபோது, கொரியம் எது என்பதையே அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. கொரியத்தைக் கேட்டபோது அவர்களுடைய மூளை இயங்கிய விதமும், அம்மொழியை என்றுமே அறியாத பிரெஞ்சு மக்களின் மூளை இயங்கிய விதத்திலிருந்து வேறுபடவில்லை. தாயின் மடியில் கேட்ட மொழி, கேட்பார் இன்மையால் சுவடு தெரியாது மறைந்தது. இரு மொழிகள் இழுக்கும்போது பிள்ளை கெடுவதில்லை; வலுவற்ற மொழியே தோற்று வெளியேறுகிறது.

முன்னோர் கண்ட வழி

இவ்விழுபறியை நம் முன்னோர் எவ்வாறு ஆண்டனர் என்பது அறிந்து இன்புறத்தக்கது. வடசொல் தமிழில் புகும்போது தனக்குரிய எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தை ஏற்று வர வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தமிழ் முஸ்லிம் புலவர்கள் இந்நெறியை அரபுச் சொற்களுக்கும் விரித்தனர். தமிழில் ரகரம் சொல்லின் முதலில் வாராது. ஆதலின் 'ரசூல்' என்பது செய்யுளில் 'இறசூல்' ஆயிற்று. உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களும் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் எனப் பெயர் பெற்றன. பெயர் அரபு, 'காண்டம்' என்பதோடு அது சேரும்போது மிகும் ககர ஒற்று தமிழ்ப் புணர்ச்சிக்கு உரியது. வந்த சொல் தமிழ் வீட்டின் ஒழுக்கத்தை ஏற்றுக்கொண்டது.

தமிழில் ஏற்ற சொல் இருந்தபோது அதனையே நம்மவர் எடுத்தாண்டனர். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் ஆகிய சொற்கள் இதற்கு எடுத்துக்காட்டுகள். ஹஜ், ஸகாத் போன்றவற்றிற்கு நிகரான பொருள் தரும் சொல் இன்மையால் அவற்றை அவ்வாறே வைத்துக்கொண்டனர். எதனை மொழிபெயர்ப்பது, எதனைப் பெயர்க்காது விடுவது என்னும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

இதற்கு மறுதலையாகத் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழும் தழைத்தது. அரபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளின்மீதே புள்ளிகளைச் சேர்த்துப் புதிய வடிவங்களை உருவாக்கினர். குர்ஆன் ஓத அறிந்திருந்தும் தமிழ் எழுத்தறியாத ஆடவரும் பெண்டிரும் இதன் வாயிலாகச் சமய அறிவை எய்தினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற சான்றோர் இவ்வெழுத்தில் நூல்கள் யாத்தனர். செய்யுளில் சொல் மொழிக்கேற்ப வளைந்தது. இங்கே எழுத்து மொழிக்கேற்ப வளைந்தது. இரண்டிலும் தமிழ் தன் இடத்தை இழக்கவில்லை.

மொழிபெயர்ப்பின் இரு நெறிகள்

பொறியின் பக்கம் செல்லுமுன் அப்பாஸிய ஆட்சிக்கால பக்தாதை ஒருமுறை நோக்குதல் வேண்டும். கிரேக்க அறிவுச் செல்வம் அரபு மொழிக்கு வந்து சேர்ந்த காலம் அது. அக்காலத்து மொழிபெயர்ப்பாளர்கள் இருவகை நெறிகளைக் கையாண்டனர் என்று 14ஆம் நூற்றாண்டின் வரலாற்றறிஞர் அஸ்ஸஃபதீ குறிப்பிடுகிறார். யூஹன்னா இப்னுல் பித்ரீக் போன்றோர் கிரேக்கச் சொல் ஒவ்வொன்றிற்கும் அரபுச் சொல் ஒன்றை நிறுத்திச் சென்றனர். இது குறையுடைய நெறி என்பது அஸ்ஸஃபதீயின் துணிபு. ஒவ்வொரு சொல்லிற்கும் நிகரான சொல் மறுமொழியில் இருப்பதில்லை; வாக்கிய அமைப்பும் உருவக வழக்கும் மொழிக்கு மொழி மாறுபடும் என்று அவர் காரணம் காட்டுகிறார்.

இரண்டாவது நெறி ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) பின்பற்றியது. வாக்கியம் முழுவதையும் படித்து, அதன் பொருளை உள்ளத்தில் வாங்கி, அப்பொருளைத் தரும் வாக்கியத்தை மறுமொழியில் அமைப்பது இந்நெறி. ஹுனைன் கிறித்தவ சமயத்தைச் சார்ந்தவர். கிரேக்கம், சுரியானி, அரபு ஆகிய மும்மொழிகளில் வல்லவர். கலீபாக்களின் ஆதரவில் காலனின் மருத்துவ நூல்களைப் பெயர்த்துத் தந்தவர்.

பொறி கடந்து வந்த பாதை

கணினி மொழிபெயர்ப்பின் வரலாறு, முதல் நெறியிலிருந்து இரண்டாம் நெறியை நோக்கி நடந்த பயணம் எனலாம்.

1949இல் அமெரிக்க அறிஞர் வாரன் வீவர், மொழிபெயர்ப்பை மறையெழுத்தை அவிழ்ப்பதற்கு ஒப்பான பணியாகக் கருதலாம் என்று ஒரு குறிப்பறிக்கை எழுதினார். எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி மறையெழுத்தை அவிழ்க்கும் முறையை 9ஆம் நூற்றாண்டிலேயே விளக்கி நூல் செய்தவர் அல் கிந்தீ என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1954 ஜனவரி 7ஆம் நாள் நியூயார்க் நகரில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து, 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் மட்டுமே கொண்டு 60க்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைப் பொறியால் ஆங்கிலமாக்கிக் காட்டின. சில ஆண்டுகளில் சிக்கல் தீர்ந்துவிடும் என்று பலர் நம்பினர்.

நம்பிக்கை நிறைவேறவில்லை. காரணத்தை நம் வழக்கிலிருந்தே விளக்கலாம். 'வெள்ளிக்கிழமை நண்பகல் ஒளுச் செய்துகொண்டு பள்ளிக்குப் புறப்பட்டார்' என்னும் வாக்கியத்தில் 'பள்ளி' என்பது தொழுமிடம் என்பதை நம் சிறுவரும் அறிவர். அகராதியை மட்டும் புரட்டும் பொறி அதனைக் கல்விக்கூடம் என்றே கொள்ளும். இத்தகைய இடங்களில் உலக அறிவின்றிப் பொருள் துணிய இயலாது என்று 1960இல் பார் ஹில்லெல் என்னும் அறிஞர் வாதிட்டார். 1966இல் அமெரிக்க அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையொன்று, பொறி மொழிபெயர்ப்பு மனித மொழிபெயர்ப்பினும் தாமதமானது, பிழை மிக்கது, செலவு கூடியது என்று தீர்ப்பளிக்க, அந்நாட்டில் இத்துறைக்கான பொருளுதவி பெரிதும் சுருங்கிற்று.

1980களின் இறுதியில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் வேறு வழியில் முயன்றனர். கனடா நாடாளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒருங்கே பதிவாகின்றன. அவற்றை இணையிணையாகப் பொறிக்குள் இட்டு, எச்சொல்லிற்கு எச்சொல் எத்தனை முறை நேர் நிற்கிறது என்று கணக்கிடச் செய்தனர். விதிகளைக் கற்பிப்பதை விடுத்து வழக்கிலிருந்து கற்கச் செய்த முறை இது. 2006இல் தொடங்கப்பட்ட கூகுள் மொழிபெயர்ப்புச் சேவையும் முதலில் இம்முறையையே மேற்கொண்டது. 2011இல் தமிழும் அதில் இடம்பெற்றது.

இன்றைய பொறிகள் இதனையும் கடந்தவை. ஒவ்வொரு சொல்லும் எச்சொற்களோடு கூடி வழங்குகிறது என்பதைக் கொண்டு அதற்கு ஓர் எண்வரிசை தரப்படுகிறது. நிலப்படத்தில் ஊர்களைக் குறிப்பதுபோல் இவ்வெண்கள் சொற்களின் இருப்பிடத்தைக் குறிக்கின்றன. பொருளால் நெருங்கிய சொற்கள் இடத்தாலும் நெருங்கி நிற்கும். 2017இல் வெளிவந்த 'டிரான்ஸ்ஃபார்மர்' என்னும் அமைப்பில், வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் ஏனைய எல்லாச் சொற்களையும் நோக்கித் தன் பொருளைத் திருத்திக்கொள்கிறது. 'பள்ளி' என்னும் சொல் 'வெள்ளிக்கிழமை'யையும் 'ஒளு'வையும் நோக்கித் தொழுமிடத்தின்பால் சாய்கிறது. வாக்கியம் முழுவதையும் ஒருங்கே நோக்கும் இம்முறை, ஹுனைனின் நெறியைத் தொலைவிலிருந்து பின்பற்றுவதாகத் தோன்றுகிறது.

பல மொழிகள் ஒரே நிலப்படத்தில் அமையக்கூடும் என்பதும் தெரிய வந்தது. ஜப்பானியம்–ஆங்கிலம், கொரியம்–ஆங்கிலம் ஆகிய இணைகளை மட்டும் பயின்ற பொறி, தான் பயிலாத ஜப்பானியம்–கொரியம் இணையிலும் மொழிபெயர்க்க முற்பட்டதை 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 2022இல் மெட்டா நிறுவனம் 200 மொழிகளுக்கான ஒரே பொறியை அமைத்தது.

பொறிக்குள்ளும் இழுபறி

வியப்புக்குரிய செய்தி யாதெனில், ஜாஹிழ் கூறிய இழுபறி பொறியையும் விட்டுவைக்கவில்லை என்பதே. 100 மொழிகளைக் கொண்டு பயிற்றப்பட்ட பொறியைப் பற்றி 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, பொறியின் அளவை மாற்றாது மொழிகளைக் கூட்டிக்கொண்டே சென்றால், தரவு குறைந்த மொழிகள் முதலில் பயனடைகின்றன என்றும், ஓர் எல்லைக்குப் பின் எல்லா மொழிகளிலுமே திறன் குறைகிறது என்றும் கண்டது. மொழிகள் உறவாடியும் கொள்கின்றன. ஒன்றையொன்று நெருக்கவும் செய்கின்றன.

இந்நெருக்கத்தில் தமிழின் நிலை என்ன? ஒருங்குறியைச் சேமிக்கும் பரவலான முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிற்கும் 1 பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். 'வணக்கம்' என்னும் சொல் 7 குறியீடுகளால், அதாவது 21 பைட்டுகளால் ஆகிறது. இவ்வுருவை வைத்தே சொல்லைத் துண்டுபோடும் பொறிகள் தமிழ்ச் சொல்லைச் சிறுசிறு துண்டுகளாக்கியே உட்கொள்கின்றன. இதனினும் பெரிய குறை உணவுப் பற்றாக்குறை. குழந்தை ஒன்று வளர்பருவத்தில் கேட்கும் சொற்கள் சில கோடிகளே. பெரும் மொழிப்பொறிகளோ இலட்சம் கோடிக் கணக்கில் சொற்களைப் பயில்கின்றன. அவற்றுள் ஆங்கிலமே பெரும்பங்கு. ஆதலின் பொறி எழுதும் தமிழில் சொல் தமிழாயிருப்பினும் நடை ஆங்கிலமாகிவிடும் இடங்கள் பல. வலிய மொழி மெலிய மொழியைத் தன்பால் இழுக்கிறது.

நாமும் நாங்களும்

பொறி இன்னும் எட்டாத நுட்பங்களும் உள. ஒன்றை மட்டும் காண்போம். தன்மைப் பன்மைக்குத் தமிழில் 'நாம்', 'நாங்கள்' என இரு சொற்கள் உண்டு. கேட்போரை உள்ளடக்குவது 'நாம்'; விலக்குவது 'நாங்கள்'. அரபு மொழியின் 'நஹ்னு' இரண்டிற்கும் பொது, ஆங்கிலமும் அவ்வாறே. ஜும்ஆ மேடையில் கதீப், மக்களை நோக்கி 'நாம் இறைவனை அஞ்சி வாழ வேண்டும்' என்கிறார். அதே மக்கள் இறைவனை நோக்கித் துஆச் செய்யும்போது 'நாங்கள் உன்னையே நம்பினோம்' என்றே சொல்ல வேண்டும். இங்கே 'நாம்' என்று பெயர்த்தால், வணங்கப்படுவோனையும் வணங்குவோர் கூட்டத்தில் சேர்த்ததாகிவிடும். ஒரு சொல்லின் பிழையில் ஏகத்துவக் கொள்கையே இடறுகிறது.

இவ்வேறுபாடு மூலச் சொல்லில் இல்லை. யார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்னும் நிலையில் உள்ளது. சொற்களின் கூட்டுறவைக் கொண்டு பொறி பல வேளைகளில் சரியாக ஊகிக்கலாம். எனினும் ஊகிப்பது வேறு, பொறுப்பேற்பது வேறு. ஹுனைன் ஒரு நூலைப் பெயர்க்குமுன் பல படிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டு மூலத்தைச் செப்பம் செய்தார். காலனின் நூலொன்றைத் தேடி ஈராக், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எங்கும் அலைந்து, இறுதியில் திமிஷ்கு நகரில் பாதி நூலை மட்டுமே கண்டெடுத்ததாக அவரே எழுதியுள்ளார். தவறு நேர்ந்தால் நோயாளி ஒருவன் உயிரிழப்பான் என்று அறிந்த மனிதனின் உழைப்பு அது. மார்க்கத் தீர்ப்பையோ மருத்துவக் குறிப்பையோ நிலப்பத்திரத்தையோ பொறி பெயர்த்துத் தரும்போது, இரு மொழியும் அறிந்த ஒருவர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவது இன்றியமையாதது.

நம் கடமை

அத்தகைய ஒருவர் நாளையும் நம்மிடையே இருப்பாரா என்பதே நம்முன் நிற்கும் வினா. ஆங்கிலம் கற்பிப்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்தும் பெற்றோர், பிள்ளைக்கு ஒரு மொழியைச் சேர்க்கவில்லை, ஒன்றைக் கழிக்கின்றனர். குர்ஆனை ஓதக் கற்பிக்கும் மதரஸாக்கள் அதன் பொருளையும் தூய தமிழில் உணர்த்துமாயின், அரபும் தமிழும் பிள்ளையின் உள்ளத்தில் ஒருசேர வலுப்பெறும்.

மற்றொரு பணியும் காத்திருக்கிறது. கல்லச்சில் பதிக்கப்பட்ட அரபுத் தமிழ் நூல்கள் நம் இல்லங்களின் பரண்களிலும் பழைய மதரஸாக்களின் பேழைகளிலும் உறங்குகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் அருகி வருகின்றனர். ஏட்டைப் படமெடுத்து வைப்பது முதற்படி மட்டுமே. எழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டால்தான் பொறி அதனைத் தேடவும் பயிலவும் இயலும். தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் அரபுத்துறை மாணவர் ஒருவரும் இணைந்து, ஆண்டுக்கு ஒரு சிறு நூலையேனும் அரபுத் தமிழ் எழுத்திலும் தமிழ் எழுத்திலும் பெயர்த்தெழுதி வைப்பாராயின், நம் சமுதாயத்தின் சொல்வளம் காக்கப்படும். அவ்வெழுத்தை அறிந்த பெரியோர் உயிரோடு நம்மிடையே இருக்கும்போதே அவர்தம் அருகில் அமர்ந்து அதனைக் கற்றுக்கொள்வோமாக! அதற்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக!